பத்தாவது பாத்தி

ஆறுமுகநயினாருக்கு ஓரிடத்தில் நிற்க வராது. ரிட்டையர் ஆன இன்ஜினியர், வயது அறுபத்தொன்று. கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பந்தல்காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அப்படிப்பட்டவர் இப்போது உப்பளத்து வரப்பே கதியென்று கிடந்தார். காரணம் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால், இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக இந்த அளத்தின் குறுக்கே நேர்கோட்டில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதற்கு வரைபடம் போட்டுக் கையெழுத்து வைத்தவர் அவர்தான். வளைந்து வளைந்து கடல்நீரைக் கொண்டுவந்த ஓடை அதோடு தூர்ந்துபோனது. அளம் வெடித்துக் கிடந்தது. உப்பு வாரின பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார்கள்.

அளத்தை மீட்கும் திட்டத்தையும் அவரே கேட்டு வாங்கிப் போட்டுக் கொடுத்தார். கால்வாயை மூடியாயிற்று. பழைய ஓடையைத் திறந்து, வெளிவரப்பெல்லாம் உப்புமண்ணில் வளரும் உமரிச்செடி நட்டாயிற்று. உள்ளான் குருவிகள் வந்து இரை பொறுக்க ஒரு சேற்றுத்திட்டைத் தொடாமல் விட்டிருந்தார். நடுவில் பத்துப் பாத்திகள். அரசாங்கம் போட்ட நிபந்தனை இது: பத்திலும் வெள்ளை உப்பு விளைந்தால் அளம், உப்பு வாரின பெண்களின் சங்கத்துக்கு. இல்லாவிட்டால் மறுபடி இறால் குட்டை.

பத்தாவது பாத்தி அந்தப் பழைய கால்வாயை மூடிய இடத்தின் மேலேயே அமைந்துவிட்டது. நயினாருக்குக் கவலை அதுதான்.

திட்டம் போடத் தெரிந்த மனிதருக்குப் பாத்தித்தரை போடத் தெரியவில்லை. ரோலர் விட்டு உருட்டினார். மூன்றாம் நாள் தரை பாளம் பாளமாகப் பிளந்தது. வெட்கத்தை விட்டு ஜெபக்கனியிடம் போய் நின்றார். பாத்தித்தரையைக் காலால் மிதித்து இறுக்கும் பதினொரு பெண்களுக்கு அவள்தான் தலைவி.

"எனக்குத் தரை போடச் சொல்லிக்குடுங்க டீச்சர்."

மகள் வயதுக்காரியை டீச்சர் என்றதும் மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"பாத்துக்கிட்டே இருங்க சார். அதான் பாடம்."

மிதி தொடங்கியது. தண்ணீர் தெளித்த களிமண்ணில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, அடியை ஒட்டி அடி வைத்துப் போனார்கள். வந்த வழியே திரும்பினார்கள். மறுபடி போனார்கள். வரப்பில் நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை நாளாகும் டீச்சர்?"

அவள் அடுத்த அடியை எடுத்து வைத்தாள். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். நான்காம் நாள் ஜெபக்கனி நின்றாள். காலைத் தூக்கிக் குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"பதிஞ்சுதா?"

"பதிஞ்சுது."

"பதியாத அன்னைக்கு முடியும்."

பதினோராம் நாள் பதியவில்லை. பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் பாய்ச்சினார்கள்.

"தண்ணியில தரை ஊறி இளகிக் கெடக்கும். இனி வரப்புல நின்னே பாருங்க சார்," என்றாள் ஜெபக்கனி.

ஒரு நாள் நின்றார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய சங்கதி. மறுநாள் மத்தியானம் பெண்கள் சாப்பிடப் போனதும் மனசு அரிக்கத் தொடங்கியது. மூடிய கால்வாய் அடியில் உறிஞ்சுகிறதோ? தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கும்? அதை அளக்கும் கண்ணாடி மானியை எடுத்துக்கொண்டு பத்தாவது பாத்தியின் நடுவரைக்கும் இறங்கி நடந்தார். பதினொரு பேர் மிதித்த தரை, ஒருத்தன் காலுக்கு என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த நாளும் இறங்கினார். பிறகு தினமும் இறங்கினார்.

உப்பு வாரும் நாளில் ஒன்பது பாத்திகளின் வரப்பிலும் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்தது. பத்தாவதில் உப்பு வாரும் பலகை தட்டித் தட்டி நின்றது. இழுத்தபோது உப்போடு கருஞ்சேறும் சேர்ந்து வந்தது.

பார்வையிட வந்த அதிகாரி அந்தக் குவியலைக் காலால் கிளறிப் பார்த்தார்.

"ஒன்பது சரி. மாசக் கடைசியில திரும்ப வருவேன். பத்தாவதும் வெள்ளையா இருந்தாத்தான் அளத்தச் சங்கத்துக்கு எழுதுவேன்."

அவருடைய ஜீப் கிளம்பிப் போனது. ஜெபக்கனி மடையை வெட்டி மிச்சத் தண்ணீரை வடித்தாள். தரை தெரிந்தது. வரப்பிலிருந்து நடுவரைக்கும் போய்த் திரும்பிய காலடிகள், ஒவ்வொன்றும் விரல் ஆழத்துக்கு. ஒவ்வொரு குழியிலும் சேறு. பெண்கள் அதைப் பார்த்தார்கள், நயினாரின் கால்களைப் பார்த்தார்கள், பிறகு கடலைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றார் நயினார். "அன்னைக்கு இந்த அளத்தக் கெடுத்ததும் நான்தான், இன்னைக்கும் நான்தான். நான் கால் வச்சா வெளங்காது டீச்சர். நான் வீட்டுக்குப் போயிருதேன்."

சொன்னாரே ஒழியப் போகவில்லை.

ஜெபக்கனி அவரைத் தேற்றவில்லை. குடத்துத் தண்ணீரைத் தரையில் தெளித்தாள். பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். வரிசை கட்டி நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தது.

நயினார் அதைக் கவனிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பதினொரு பேரு பதினொரு நாள் மிதிச்சீங்க. உங்க தடம் ஒண்ணுகூட இல்ல. என் தடம் மட்டும் எப்படி நின்னுச்சு?"

"செருப்பக் கழத்திட்டு இறங்குங்க சார்."

இறங்கினார். சேறு சில்லென்று இருந்தது. கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒற்றைக்காலைத் தூக்கியபடியே நின்றார்.

"எங்க மிதிக்கணும்?"

"முன்னால போறவ தடத்து மேல மிதிங்க. உங்க தடத்தப் பின்னால வாரவ பாத்துக்கிடுவா."