கரட்டன் வாயில் ஒரு கவளம் மண்

வெட்பாலைக் காட்டில் கரட்டன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. அது இருமத் தொடங்கினால் லேசில் நிற்காது. மூன்று கோடைக்கு முன் அந்தக் காட்டில் பிடித்த பெருந்தீயின் புகை, அதன் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

பாதிக் காட்டைத் தின்ற தீ அது. குஞ்சும் குட்டியுமாக எத்தனை உயிர் போனது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. எல்லாரும் ஆற்றை நோக்கி ஓடியபோது ஒன்பது பன்றிகள் மட்டும் தீயை நோக்கி ஓடின. சருகை ஒதுக்கி, மூக்காலும் கோரைப்பல்லாலும் தரையைக் கிளறி, நீளமாக ஒரு மண்கோடு போட்டன. வெறும் மண்ணைத் தாண்ட முடியாமல் தீ அங்கேயே நின்றது. ஒன்பதில் கரட்டன் மட்டும் திரும்பியது; மற்ற எட்டும் திரும்பி வரவில்லை. அந்த எட்டில் ஒன்று கரட்டனின் தம்பி சுழியன்.

அன்றுவரை பன்றியைக் கண்டாலே முகம் சுளித்த காடு, அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது. ஆண்டுதோறும் அதே நாளில் எல்லாரும் மண்கோட்டருகே கூடுவார்கள். கோடு போடப் போய் இறந்த எட்டுப் பேரின் பெயரும் சொல்லப்படும். சொந்தக்காரர்கள் வாயில் மண் கவ்வி வந்து அந்தக் கோட்டின் கரையில் வைப்பார்கள். பிறகு உச்சிவெயில் வரும்வரை மௌனம்.

இதையெல்லாம் நடத்துவது நெட்டைவாலன் என்ற கருமந்தி. தீப்பிடித்த அன்று அது ஆற்றுக்கு அக்கரையில் பாறை உச்சியில் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அந்த நாளைப் பற்றிப் பேச அதனிடம் நிறைய இருந்தது.

இந்த ஆண்டு நெட்டைவாலன் முன்கூட்டியே கரட்டனைத் தேடி வந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் மௌனத்துக்கு நடுவுல நீங்க இருமிட்டே இருந்தீங்க. எல்லாருக்கும் மனசு கலைஞ்சு போச்சு. இந்தத் தடவை பக்கத்துக் காட்டு யானைங்கல்லாம் வர்றாங்க. கொஞ்சம் தள்ளி, அந்த மூங்கில் புதருக்குப் பின்னால இருந்துக்குங்களேன்."

"சுழியனுக்கு என்னை விட்டா யாரு இருக்கா? அவனுக்கு மண் யாரு வைப்பா?"

"நானே வைக்கிறேண்ணே. இது ஒரு பெரிய காரியமா?"

கரட்டன் தலையாட்டியது. இருமுவது உண்மைதானே என்று நினைத்துக்கொண்டது. நாள் வந்ததும் தானாகவே புதருக்குப் பின்னால் போய் நின்றது. ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு கவளம் மண்ணைக் கவ்விக்கொண்டது. வாய் நிறைய மண் இருந்தால் இருமல் வராது என்று அந்தப் பாவம் நம்பியது.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. "சுழியன்!" என்ற குரல் கேட்டதும் கரட்டனின் கால்கள் தாமாகவே ஓரடி முன்னால் போயின. இலைகளுக்கு நடுவே பார்த்தது. நெட்டைவாலன் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டது. காட்டுக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு வெறும் ஒரு சிட்டிகை. கரட்டனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மௌனம் தொடங்கியது. காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரம் பார்த்து நெஞ்சு குமுறியது. கரட்டன் மூச்சைப் பிடித்துப் பார்த்தது, முடியவில்லை. வாயிலிருந்த மண் சிதற, இருமல் வெடித்தது. யானைகள் திரும்பிப் பார்த்தன. கரட்டனை இன்னும் தூரமாகத் துரத்திவிட இரண்டு குரங்குகள் புதரை நோக்கி ஓடின.

"அவரைத் தொடாதீங்க!"

குரல் கொடுத்தது பூம்புள்ளி என்ற இளம் பெண்மான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

"இந்த இருமலை எனக்குத் தெரியும். போன வருஷமே சொல்லியிருக்கணும், தைரியம் வரல. அன்னைக்கு நான் சின்னக் குட்டி. புகையில கண்ணு தெரியல, அம்மாவையும் காணல. முன்னால ஒரு இருமல் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அது போன பக்கமே போனேன், பிழைச்சேன். எனக்குப் பின்னாலயும் ஒருத்தர் இருமிக்கிட்டே என்னைத் தள்ளிட்டு வந்தாரு. 'அண்ணன் முன்னால போறான், அந்தச் சத்தத்தை விட்டுடாதே'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. பாதி வழியில அந்த இருமல் நின்னு போச்சு."

தம்பி எங்கே விழுந்தான் என்று மூன்று ஆண்டுகளாகக் கரட்டனுக்குத் தெரியாது. கோடு போட்டுத் திரும்பும்போது தனக்குப் பின்னாலேயேதான் வந்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. அது அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது. நெட்டைவாலன் தலையைக் குனிந்துகொண்டது.

யாரும் அழைக்கவில்லை, யாரும் வழிவிடச் சொல்லவுமில்லை. கூட்டம் தானாக விலகியது. கரட்டன் எழுந்து, புதிதாக மண்ணைக் கிளறி, வாய் நிறையக் கவ்விக்கொண்டு போய்த் தம்பிக்கு வைத்தது. பிறகு எல்லாருக்கும் நடுவில் நின்றது. மறுபடியும் மௌனம் தொடங்கியது. உச்சிவெயில் வரும்வரை கரட்டன் இருமிக்கொண்டே இருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

நம்மைக் காக்கப் போய் உயிர்விட்டவர்களைப் போற்றிக்கொண்டே, அவர்களோடு போய் உடல் நொந்து திரும்பியவர்களை ஒதுக்கி வைத்தால், அந்த அஞ்சலி வெறும் வேடமே ஆகும்.