கத்திரிப்பூ கலர் வாட்ச்

பாளையங்கோட்டையில் வாட்ச் கடை வைத்திருந்த ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு, ஊரிலேயே தனக்கு மட்டும்தான் ரசனை உண்டு என்று நினைப்பு. கடையில் வேலை பார்த்த முப்பிடாதி, கத்திரிப்பூ டயலும் மாம்பழ மஞ்சள் ஸ்ட்ராப்புமாக ஆறு வாட்சை வாங்கி அடுக்கியதைப் பார்த்ததும் எகிறிக் குதித்தார்.

“கண்ணு அவிஞ்சா போச்சு? இந்த ரெண்டு கலரையும் யாராவது சேப்பாங்களா? இது அழகுன்னு என் வாயால சொல்ல வச்சிரு பாப்போம். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத!”

கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முப்பிடாதி அசரவில்லை. சுவரில் தொங்கிய அண்ணாச்சியின் கல்யாணப் படத்தைக் காட்டினாள்.

“மதினி கட்டியிருக்க பட்டு யாரு எடுத்தது அண்ணாச்சி?”

அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “நாந்தான்! ஏழு கடை ஏறி இறங்கினேன்லா. கத்திரிப்பூ உடம்பு, மாம்பழ மஞ்சள் பார்டர். இந்த அழகை அடிச்சிக்க ஒண்ணு உண்டா?”

முப்பிடாதி ஒரு வாட்சை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். கடையே கொல்லென்று சிரித்தது.

“ஏட்டி, அது சேலை!” என்று கத்தினார் அண்ணாச்சி.

“ஆமா அண்ணாச்சி. மணி மட்டும் காட்டாது.”

மறுநாள் அவள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். அண்ணாச்சியின் முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து ஒரு மாம்பழ மஞ்சள் எட்டிப் பார்த்தது.