புளி போட்டுத் தேய்த்த காசுகள்

பழைய காசு சேர்ப்பவர்களில் பாதிப் பேருக்குப் பளபளக்கும் காசுதான் வேண்டும். கை படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மூச்சு விடக்கூடப் பயந்துகொண்டு பார்ப்பார்கள். பொன்னுரங்கம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முகம் அழிந்துபோன காசு, மடித்து மடித்துக் கிழியப்போகிற நோட்டு, இதைத்தான் தேடி வாங்குவார். ஏன் என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூரில் அவர் வீட்டில் அவரைத் தவிர ஆள் கிடையாது. மனைவி இறந்துவிட்டார். மகன் தினகரன் ஓசூரில். மாதக்கணக்கில் இன்னொருவர் கை அவர் மேல் படாது. அதனால் ஆயிரம் பேர் கை பட்ட காசை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

அவரிடம் ஓர் ஓட்டைக் காலணா இருந்தது. ஓட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்து இழுத்திருக்கும். யாரோ தன் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியிருக்க வேண்டும். எல்லாக் காசும் கறுத்துக் கிடக்கும். வியர்வையும் எண்ணெயும் ஏறி ஏறி வந்த கறுப்பு. அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு. காசு சேர்ப்பவர்கள் யாரும் காசைக் கழுவவே மாட்டார்கள்.

ஞாயிறு தவறாமல் கனி ராவுத்தர் வருவார். உக்கடத்தில் பழைய காசு விற்பவர். வீட்டில் எட்டுப் பேர், அந்தச் சத்தம் தாங்காமல் இங்கே ஓடி வருவார்.

"இந்தத் தேய்ஞ்ச காசுக்கா எரநூறு குடுத்தீங்க? மூளை இருக்குதா?"

"வித்ததே நீங்கதானே ராவுத்தரே!"

பொன்னுரங்கம் சண்டை போடுவது இவர் ஒருவரிடம்தான். மற்றவர்களிடம் எப்போதும் ஒரே பதில். மெஸ்காரர் புளித்துப்போன தயிர் சாதம் கொடுத்தால்கூட "நல்லா இருக்குதுங்க" என்பார்.

தினகரன் கல்யாணமாகி முதல் முறையாக மனைவி சுகந்தியோடு இரண்டு நாள் தங்க வந்தான். பொன்னுரங்கம் புதுத் தலையணை வாங்கிப் போட்டார். சனிக்கிழமை சாப்பிடும்போது சுகந்தி, "இனி மாசம் ஒருக்கா வர்றோம் மாமா" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார், மறுபடி எடுத்தார்.

மறுநாள் அப்பாவும் மகனும் கறி வாங்கப் போனார்கள். சுகந்தியின் அம்மா வீட்டில் வெள்ளிதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். பிரியமான சாமானைப் பளபளவென்று வைப்பதுதான் அவளுக்குத் தெரிந்த மரியாதை. தனியாக இருந்தவள் கண்ணில் காசு டப்பா பட்டது.

அவர்கள் திரும்பும்போது வாசலில் ராவுத்தரும் சேர்ந்துகொண்டார்.

"மாமா, கண்ண மூடிக்கிட்டு வாங்க!"

வெயிலில் துண்டு விரித்து, அதன் மேல் எல்லாக் காசும். நேற்று அச்சடித்தது போல மின்னின. நோட்டுகளுக்கு இஸ்திரி போட்டிருந்தாள்.

பொன்னுரங்கம் ஓட்டைக் காலணாவை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்லா இருக்குது அம்மணி."

"என்னத்த நல்லா இருக்குது?" ராவுத்தர் கத்திவிட்டார். "காசத் தோலுரிச்சுட்டியேம்மா! ஒருத்தனும் இனி இத வாங்க மாட்டான். மனுசன் இருவது வருசமாச் சேத்தது!"

சுகந்தி மாமனார் பக்கம் திரும்பினாள். "நிசமாவாங்க மாமா?"

"அவரு கெடக்கறாரு. எனக்குப் புடிச்சிருக்குது."

"பழைய காசுதானே?" என்றான் தினகரன். "ஆன்லைன்ல கிலோக்கணக்குல கெடைக்குது. நான் வாங்கித் தர்றேன். சுகந்தி, அழுவாத. கறியாக்கிச் சாப்பிட்டு மத்தியானப் பஸ்ஸப் புடிக்கோணும், நேரமாகுது."

அவள் நகரவில்லை. "அப்பறம் எதுக்கு மாமா நல்லா இருக்குதுன்னீங்க?"

"வேற என்ன சொல்லட்டும்? திட்டுனா அடுத்த மாசம் வருவியா?"



கதையை இங்கேயே நிறுத்துகிறேன். பொய் சொன்ன மாமனார், போட்டு உடைத்த ராவுத்தர், புதுசு வாங்கித் தருகிறேன் என்ற மகன். இதில் யார் செய்தது சரி? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: மகனை முதலில் கழித்துவிடுங்கள். அவனுக்குப் பஸ்தான் முக்கியம். மாமனார் மேல் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் மெஸ்காரரிடம் சொன்னதையே மருமகளிடமும் சொன்னார். அந்தப் பொய் நின்றிருந்தால் அவள் கடைசிவரை விருந்தாளிதான். ராவுத்தர் செய்ததுதான் சரி. நிறைந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர், உண்மை சொல்வதால் அவருக்கு நட்டமில்லை என்பீர்கள். இருக்கட்டும். அவர் கத்தியதால்தான் சுகந்தி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "மறுபடி கறுக்க எத்தன நாளாகுங்க?" என்று கேட்டாள். "நாளா? கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தா அஞ்சாறு வருசம்" என்றார் ராவுத்தர். ஒரு பிடி காசை அள்ளித் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள். "மாசாமாசம் கொண்டாந்து காட்டறனுங்க மாமா. கறுக்கலீன்னா திட்டோணும், சும்மா நல்லா இருக்குதுன்னு சொல்லக் கூடாது." அடுத்த மாதம் தினகரனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் மட்டும் பஸ் ஏறி வந்தாள்.