போனை நினைக்காத கபடி அணி

மேலப்புளியடிப் பள்ளியின் கபடி அணிக்கு உடம்பில் பலத்துக்குக் குறைவில்லை. கழுத்துக்கு மேலேதான் ஆண்டவன் கொஞ்சம் சிக்கனம் பிடித்துவிட்டான்.

அக்கரைக்குளத்துப் பையன்களிடம் இந்த முறையும் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு, ஆடுகளத்தில் சைக்கிள் ஷெட் போட்டுவிடுவேன் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பையன்களோ பயிற்சிக்கு நடுவிலும் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பி.டி. வாத்தியார் ஞானதுரை விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தினார். போட்டி முடிகிறவரை எவனும் அவனவன் போனைத் தொடக்கூடாது, தொட்டால் அணியில் இடமில்லை என்றார்.

கேப்டன் இசக்கிதுரை உடனே கூட்டம் போட்டான்.

“சார் அவனவன் போனைத்தான தொடக்கூடாதுன்னாரு?”

“ஆமா” என்றான் சபரீஷ்.

“அப்போ உன் போனை எங்கிட்ட குடு. என் போனை நீ வச்சுக்கோ. சார் பேச்சை மீறக்கூடாதுல்லா.”

எல்லோரும் ஜோடி ஜோடியாக மாற்றிக்கொண்டார்கள். சபரீஷின் போனில் இசக்கிதுரை முதலில் தேடியது தன்னுடைய படங்களைத்தான். சபரீஷ் பெயரில் அத்தனைக்கும் லைக் போட்டான். ‘உன்னை மாதிரி ஒருத்தன் இனிமே பொறந்துதான் வரணும்’ என்று கமெண்ட்டும் போட்டான். இசக்கிதுரையின் போனை வைத்துக்கொண்டு சபரீஷும் தன் படங்களுக்கு அதே கைங்கரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தான்.

விஷயம் தெரிந்து வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். எல்லாப் போனையும் பிடுங்கி அலமாரியில் பூட்டினார்.

“போட்டி முடியுற வரைக்கும் போனை மனசால கூட நெனைக்கக்கூடாது. புரியுதால?”

மறுபடியும் கூட்டம். நினைக்கக்கூடாது என்பதே மறந்துபோனால் என்ன செய்வது என்று சபரீஷ் கவலைப்பட்டான். நியாயமான கவலைதான். அதனால் எந்நேரமும் ‘போனை நெனைக்காத, போனை நெனைக்காத’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதென முடிவாயிற்று. சோற்றைப் பிசையும்போதும் சொன்னார்கள். சபரீஷின் அப்பா ஏதோ மந்திரம் என்று நினைத்துத் திருநீறு பூசிவிட்டார்.

போட்டி நாளில் இசக்கிதுரை புலியாகப் பாய்ந்தான். ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். நடுவர் விசில் ஊதி அவனையே அவுட் என்றார். அவன் வாயிலிருந்து ‘கபடி’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. ‘போனை நெனைக்காத’ மட்டும்தான் மூச்சு விடாமல் வந்தது. அடுத்துப் போனவன், அதற்கடுத்தவன், எல்லோருக்கும் அதே கதிதான். போட்டியோடு ஆடுகளத்தையும் தோற்றுவிட்டு வந்தார்கள்.

“கபடி கபடின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானல?” என்று வாத்தியார் அழாத குறையாகக் கேட்டார்.

“எப்படி சார்? கபடின்னு சொன்னா கபடி ரீல்ஸ் ஞாபகம் வரும். அப்புறம் போன் ஞாபகம் வந்துரும்லா” என்றான் இசக்கிதுரை.

வாத்தியார் அவனவன் போனை அவனவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

சபரீஷ் தன் படங்களைத் திறந்தான். ஒவ்வொன்றின் கீழும் இசக்கிதுரை பெயரில் புகழ்மாலை. அவனுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் இசக்கிதுரை ஏற்கெனவே தன் போனைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

“சைக்கிள் ஷெட் வந்தா வந்துட்டுப் போகுது மக்கா” என்றான் சபரீஷ். “நான் மனசுல நெனச்சத ஒரு வார்த்தை மாறாம அப்படியே எழுதிருக்கியேல.”