லாந்தர் ஊரும் கருப்பட்டிக்காரியும்

முன்னொரு காலத்தில், மழை சொன்ன நாளில் பெய்து, ராஜாக்கள் மட்டும் சொன்ன சொல்லை மறந்துகொண்டிருந்த காலத்தில், ஒளிமங்கலம் என்று ஒரு பழைய பட்டணம் இருந்தது. கோட்டை மதிலுக்குள்ளே வளைந்து வளைந்து போகும் சந்துகள். சந்துக்குச் சந்து வீடுகள். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு லாந்தர். பொழுது சாய்ந்ததும் அத்தனை லாந்தரும் தானாகவே எரியும். கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது.

அந்த ஊரைச் சுற்றிக் காட்ட ஒரே ஓர் ஆள் இருந்தான். பெயர் புகைமூக்கன். பேசினால் மூக்கிலிருந்து புகை வரும், சும்மா இருந்தால் நிறையப் புகை வரும். தினமும் இருட்டியதும் கோட்டை வாசலில் நின்று, வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு கேமராப் பெட்டியைக் கொடுத்து, "ராத்திரிப் படம் பிடிக்கலாம் வாங்க! இப்படி ஒரு வெளிச்சத்தை எந்த ஊரிலும் பார்த்திருக்க மாட்டீங்க!" என்று கூவி அழைத்துப் போவான்.

அந்தக் காலத்தில் ஏது கேமரா என்று கேட்கிறீர்களா? மூக்கில் புகை விடுகிற மந்திரவாதி இருக்கலாம், கேமரா மட்டும் இருக்கக் கூடாதா? பேசாமல் கதையைக் கேளுங்கள்.

ராத்திரியில் படம் பிடிப்பது பகலில் பிடிப்பதுபோல் இல்லை. வெளிச்சம் குறைவு. பெட்டியின் கண்ணைத் திறந்துவைத்து, ஒரு பாட்டுப் பாடி முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் நடக்கிறவர்கள், அசைகிறவர்கள் யாரும் படத்தில் விழமாட்டார்கள். அசையாமல் நிற்பதுதான் விழும். அதனால் புகைமூக்கன் தெருவுக்குத் தெரு கத்துவான்:

"பெட்டியைத் திற! பாட்டு முடியும்வரை அசையாதே! படத்தைப் பார்க்காமல் என்னிடம் கொடு!"

படம் பெட்டிக்குள் உடனே விழுந்துவிடும், ஆனாலும் காலையில் கழுவித் தருகிறேன் என்பான். தரவும் தருவான். ஆனால் கழுவிய படத்தில் வெறும் தெருவும் மங்கிய விளக்கும்தான் இருக்கும்.

ஒளிமங்கலத்துக்கு இரண்டு நாள் நடைத் தூரத்தில் ஒரு பனங்காடு. அங்கே பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி செய்யும் அக்கா தங்கை இருவர். அக்கா செண்பகம், தங்கை கனகாம்பரம். தாயும் தகப்பனும் போனபின் அக்காதான் தங்கையை வளர்த்தாள். தினம் சோறு வடிக்கும்போது அடிப்பிடித்துவிடும். நல்ல சோற்றைத் தங்கைக்குப் போட்டுவிட்டு, கருகிய சோற்றைச் சுரண்டி எடுத்து, "எனக்கு இதுதான்டி பிடிக்கும்" என்று செண்பகம் சாப்பிடுவாள். கனகாம்பரமும் அதை நம்பினாள். இருபது வயது வரைக்கும் நம்பினாள் என்றால் பாருங்கள்.

மாசி மாதம் செண்பகம் கருப்பட்டி விற்க ஒளிமங்கலத்துப் பக்கம் போனாள். பங்குனி வந்தது, சித்திரை வந்தது, அவள் வரவில்லை. தனியாகச் சமைத்த கனகாம்பரம் ஒருநாள் அடிப்பிடித்த சோற்றைத் தின்று பார்த்தாள். கசந்தது. பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் ஒரு குடுக்கை நிறையப் புன்னை எண்ணெயும், மடியில் நாலு கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு பட்டு வியாபாரியும், கல்யாணமாகி நாலு நாள் ஆன ஒரு ஜோடியும் கையில் பெட்டியோடு நின்றார்கள்.

"அண்ணே, எங்க அக்கா இந்தப் பக்கம் வந்தாளா? கருப்பட்டி விக்கிறவ" என்று புகைமூக்கனைக் கேட்டாள்.

"எத்தனையோ பேர் வர்றாங்க, போறாங்க. நீ படம் பிடிக்கிறதா இருந்தா வா, இல்லேன்னா வழியை விடு" என்றான் அவன். மூக்கிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது.

அவன் முகம் போன போக்கு கனகாம்பரத்துக்குப் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

முதல் தெருவுக்கு வந்தார்கள். ஆஹா, என்ன அழகு! ஈரக் கல் பாவிய தரையில் லாந்தர் வெளிச்சம் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தது. மந்திரவாதி ஊர் என்றாலும் அழகை அழகு என்றுதானே சொல்ல வேண்டும்.

"பெட்டியைத் திற! பாட்டு முடியும்வரை அசையாதே! படத்தைப் பார்க்காமல் என்னிடம் கொடு!" என்று கத்திக்கொண்டே புகைமூக்கன் முன்னால் போனான்.

கனகாம்பரம் ஒரு வாசல் முன் நின்று பெட்டியைத் திறந்து, சின்னப் பாட்டு ஒன்றைப் பாடி முடித்தாள். மூடும்போது பார்த்தால், லாந்தரின் சுடர் பாதியாகக் குறைந்திருந்தது. அவளுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவர்கள் பனங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டில் மோர் வாங்கினால் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு துண்டுக் கருப்பட்டியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு சும்மா போவது அவளுக்குப் பழக்கமே இல்லை. குடுக்கையைத் திறந்து லாந்தரில் எண்ணெய் ஊற்றினாள்.

சுடர் நிமிர்ந்தது. யாருமில்லாத வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"வா தாயி. சாப்பிட்டியா?"

கனகாம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தானைக்குள் மறைத்துப் படத்தைப் பார்த்தாள். வாசலில் லாந்தரைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்! நேரில் பார்த்தால் இல்லை, படத்தில் இருக்கிறாள். வேறொருத்தியாக இருந்தால் அலறியிருப்பாள். இவள், "சாப்பிட்டேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"யாரது திரியைத் தூண்டினது?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டான் புகைமூக்கன்.

"காத்துண்ணே" என்றாள்.

இரண்டாம் தெரு. "பெட்டியைத் திற! பாட்டு முடியும்வரை அசையாதே! படத்தைப் பார்க்காமல் என்னிடம் கொடு!" அங்கேயும் ஒரு படம் பிடித்தாள். அங்கேயும் சுடர் குறைந்தது. அங்கேயும் எண்ணெய் ஊற்றினாள். இந்த முறை ஓர் ஆண் குரல், இருமிக்கொண்டே பேசியது.

"நல்லா இரு தாயி. எத்தனையோ வருஷமா எடுத்துக்கிட்டுப் போறவங்களைத்தான் பார்க்கிறோம். ஊத்தினவ நீ ஒருத்திதான்."

"நீங்கல்லாம் யாரு? ஏன் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கிறீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"இந்த ஊர்க்காரங்கதான். எங்க உசிரை இந்த லாந்தருக்குள்ள வச்சுட்டான் அந்தப் பாவி. வெளிச்சத்தைக் குடிச்சுத்தான் அவன் கிழவனாகாம இருக்கான். ஆனா அவன் கேட்டா எங்க விளக்கு குடுக்காது. விருந்தாளி கேட்டா மட்டும் இல்லேன்னு சொல்லாது. அது எங்க ஊரோட குணம். அதான் உங்களைக் கூட்டிக்கிட்டு வந்து, படமாப் பிடிக்க வச்சு, வாங்கிக் குடிக்கிறான். வெளிச்சம் தீர்ந்தா ஆளும் தீர்ந்தாச்சு."

"ஒரு கருப்பட்டிக்காரி வந்தாளா?"

"வந்தாளே. படத்தைப் பார்த்துட்டு, 'இவங்கல்லாம் யாரு?'ன்னு நடுத்தெருவுல சத்தம் போட்டுக் கேட்டுட்டா. அவ கையிலயும் ஒரு லாந்தரைக் குடுத்துட்டான். கடைசித் தெருவுல, படித்துறை ஓரமா நிக்கிறா. சீக்கிரம் போ. தண்ணியில வெளிச்சம் விழுறது அழகா இருக்குன்னு எல்லாரும் அவளைத்தான் படம் பிடிக்கிறாங்க."

கனகாம்பரம் கூட்டத்தை விட்டு விலகி முன்னால் ஓடினாள். வழியில் அணையப் போகும் லாந்தர்கள் இருந்தன. பார்த்துக்கொண்டே தாண்டிப் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஒன்றுக்கு ஊற்றினாள், இன்னொன்றுக்கு ஊற்றினாள், அடுத்ததற்கும் ஊற்றினாள். படித்துறைக்கு வந்து குடுக்கையைக் கவிழ்த்தால் ஒரே ஒரு சொட்டு விழுந்தது.

அந்தச் சொட்டுக்கு அந்த லாந்தரின் சுடர் கடுகளவு எழுந்தது. கடுகளவே ஒரு குரலும் வந்தது.

"கனகு, வெறுங்காலோடயா வந்த? கல்லு குத்தப் போகுதுடி."

கனகாம்பரம் லாந்தரைக் கட்டிக்கொண்டாள். உயிர் போகிற நேரத்திலும் தங்கையின் காலைப் பார்க்கிறாளே! "அக்கா, அடிப்பிடிச்ச சோறு கசக்குதுக்கா. நான் தின்னு பார்த்தேன். நீ எனக்காகப் பொய் சொல்லியிருக்கே. உன்கிட்ட ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்லையே நான்" என்று லாந்தரைத் தடவித் தடவி அழுதாள்.

"அதுக்கென்னடி இப்ப. கண்ணைத் துடை. இன்னும் ஒரு படம் பிடிச்சா நான் இல்லை. அவன் வர்றான் பாரு."

புகைமூக்கன் கூட்டத்தோடு வந்து சேர்ந்தான். "இதுதான் கடைசி இடம், இருக்கிறதிலேயே அழகான இடம்! எல்லாரும் பிடிங்க!" என்றான். பட்டு வியாபாரி உற்சாகமாகப் பெட்டியைத் தூக்கினார். கனகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு லாந்தருக்கு முன்னால் வந்து நின்றாள்.

விருந்தாளி கேட்டால் இல்லை என்று சொல்லாத வெளிச்சம். அதில் பெரும்பங்கு எங்கே இருக்கிறது? லாந்தரிலா இருக்கிறது? குடித்தவன் வயிற்றில் அல்லவா இருக்கிறது! அவள் புத்தி அப்போதுதான் வேலை செய்தது.

"அண்ணே, இவ்வளவு நேரம் ஊரெல்லாம் சுத்திக் காட்டினீங்க. எங்களைப் படம் பிடிக்கச் சொன்னீங்களே தவிர, உங்களை ஒருத்தரும் ஒரு படம் பிடிக்கலையே. நன்றி இல்லாத சனம்னு நினைக்க மாட்டீங்களா? அந்தப் படியில நில்லுங்க. உங்களை ஒண்ணு பிடிக்கிறேன்."

ஊரைச் சுற்றிக் காட்டுகிறவனுக்கு இது ஒரு குறை. ஆயிரம் படத்துக்கு வழி காட்டுவான், ஒரு படத்திலும் அவன் இருக்க மாட்டான். புகைமூக்கனுக்கு அந்தக் குறை நெடுநாளாக இருந்தது. மீசையைத் தடவினான். தலைப்பாகையைச் சரி செய்தான். "என்னையா? சரி, சரி, மூக்கு சின்னதாத் தெரியற மாதிரி பிடி" என்று படியில் ஏறி நின்றான்.

கனகாம்பரம் பெட்டியைத் திறந்தாள். "பாட்டு முடியும்வரை அசையக் கூடாதுண்ணே" என்றாள். அவர்கள் ஊர்க் கருப்பட்டிப் பாட்டைத் தொடங்கினாள்.

"காயுது காயுது பதநீரு,
கரண்டி போட்டுக் கிண்டு புள்ளே!
பாகு பதம் வந்திருச்சா?
இன்னும் இல்லே, கிண்டு புள்ளே!"

இந்தப் பாட்டுக்கு ஒரு விசேஷம். பாகு பதம் வரும்வரை பாடுவார்கள், பதம் வந்ததும் நிறுத்துவார்கள். இங்கேயோ அடுப்பும் இல்லை, பானையும் இல்லை. பதம் எப்போது வருவது, பாட்டு எப்போது முடிவது? அவள் பாடிக்கொண்டே இருந்தாள். புதுமணப்பெண்ணும் சேர்ந்துகொண்டாள்.

புகைமூக்கன் வயிற்றிலிருந்து மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் பெட்டிக்குள் போயிற்று. அவனுக்கு முதலில் தெரியவில்லை, படத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்தான். மீசை நரைத்தபோதுதான் தெரிந்தது. "போதும், நிறுத்து!" என்றான்.

"அசையாதீங்க! பாட்டு முடியும்வரை அசையாதீங்க!" என்று அதட்டினார் பட்டு வியாபாரி. பாவம், அவருக்கு விஷயமே தெரியாது. சொல்லிக் கொடுத்த விதியைக் கடைப்பிடித்தார்.

படியிலிருந்து இறங்கப் பார்த்தான். அதற்குள் கால் தள்ளாடத் தொடங்கியிருந்தது. முதுகு கூனியது. பல் கொட்டியது. மூக்கில் கடைசிப் புகை வந்து நின்றது. படியில் ஒரு நூறு வயதுக் கிழவன் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தான்.

கனகாம்பரம் பெட்டியைத் தெருப் பக்கம் திருப்பித் திறந்தாள். "எடுத்ததைக் கொண்டுவந்திருக்கேன். வாங்கிக்குங்க!" என்றாள். வெளிச்சம் வெள்ளமாகப் பாய்ந்து, தெருத் தெருவாக, வாசல் வாசலாகப் போய்ச் சேர்ந்தது. லாந்தருக்குக் கீழே கை தெரிந்தது, கைக்கு மேலே முகம் தெரிந்தது. ஊரே கண்ணுக்குத் தெரிந்தது. அக்காவும் தெரிந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததைச் சொல்ல வேண்டுமா? நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரார் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிழவனை அடிக்க ஓடிவந்தார்கள். அவன், "பசிக்குதுய்யா" என்று கையை நீட்டினான். ஒளிமங்கலத்துக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டபின் கை ஓங்க வரவில்லை. முறைத்துக்கொண்டே கஞ்சி ஊற்றினார்கள். அதற்குப் பதிலாக ஊரிலுள்ள லாந்தர்க் கண்ணாடி எல்லாவற்றையும் தினமும் துடைத்துவைக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது.

"உனக்கு என்ன வேணும் தாயி? வீடு தரட்டுமா, தோப்பு தரட்டுமா?" என்று முதல் வாசல் பெண் கேட்டாள்.

"எங்க அக்காவைக் குடுத்துட்டீங்க. அதுக்கு மேல கேட்டா எனக்கு அஜீரணம் வந்துரும்" என்றாள் கனகாம்பரம். பிறகு கொஞ்சம் யோசித்து, "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் மட்டும் வேணும்" என்றாள்.

பட்டு வியாபாரி பெட்டியைத் திறந்தார். ஊர் முழுக்கச் சுற்றி நின்று லாந்தரைத் தூக்கிப் பிடித்தது. இந்த முறை எந்தச் சுடரும் குறையவில்லை. புதுமணப்பெண் ஒரு நீளப் பாட்டாகப் பாடினாள்.

பாட்டு முடிந்து பார்த்தால், படத்தில் எல்லோரும் தெளிவாக விழுந்திருந்தார்கள். கனகாம்பரமும் தெளிவாக இருந்தாள். பக்கத்தில் செண்பகம் மட்டும் புகைபோல் கலைந்து தெரிந்தாள். பாட்டு முழுக்க அவள் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. தங்கையின் முகத்தில் ஒட்டிய கரியைத் துடைத்தாள், தலைமுடியை ஒதுக்கினாள், முந்தானையை இழுத்துப் போர்த்தினாள்.

"ஐயோ, கெட்டுப்போச்சே! இன்னொண்ணு பிடிச்சுரலாமா?" என்றார் வியாபாரி.

"வேண்டாம்ணே. எங்க அக்கா இப்படித்தான் இருப்பா" என்று கனகாம்பரம் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அக்காவும் தங்கையும் பனங்காட்டுக்குத் திரும்பினார்கள். ஒளிமங்கலத்தில் அன்றிலிருந்து ஒரு லாந்தரும் குறைந்து எரிந்ததில்லை. அவர்கள் வாசலில் விளக்கு நின்று எரியட்டும், கதை கேட்ட உங்கள் வாசலிலும் எரியட்டும்.