பெருக்குக்கு மறுநாள் அமாவாசை

"இந்த ஆடி மாசமே இல்லாமப் போனா என்னம்மா?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

தையல்நாயகி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெள்ளிக்கிழமைன்னா கூழு. பூரம்னா வளையல். கிருத்திகைன்னா காவடி. ஊரே ஸ்பீக்கர் குழாய் கட்டிக்கிட்டுக் கொண்டாடுது. எனக்கு ஒவ்வொரு விசேஷமும் நெஞ்சைப் பிசையுது."

"ம்."

காவிரிக்கரையில் இடிந்த மடம் ஒன்றில் தனியாக இருந்தாள் தையல்நாயகி. காவி கட்டியவள். பக்கிரிசாமிக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளைத்தான் குரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் ஒருநாளும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

பேச்சில் மகா கஞ்சம். ஆறுதல் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி, அடுத்த முறை வேறு சாமியாரைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. விட்டுப் போவதற்கு அவருக்கு வேறு இடமும் இல்லை.

போன ஆடிப்பெருக்கன்று அவருடைய ஒரே மகன் கதிரவன் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தான். வருஷா வருஷம் குதிக்கிறவன்தான். அந்தத் தடவை ஏறி வரவில்லை.

உடலும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பல்லடம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்ததாக ஒருவன் வந்து சொன்னான். அந்தப் பாவி சொல்லாமலே இருந்திருக்கலாம். போய்த் தேடியும் பயனில்லை.

"நாளைக்குப் பெருக்கு. புதுத் தாலிக்கயிறு வாங்கி வச்சுக்கிட்டு நிக்கிறா என் மருமக," என்றார் பக்கிரிசாமி. "மறுநாளே அமாவாசை. எள்ளும் தண்ணியும் இறைச்சு அவனைக் கரையேத்துங்கன்னு பங்காளிங்க நிக்கிறாங்க. நான் எள்ளைத் தொட்டா, அவ கயித்தைக் கழட்டணும். தொடலைன்னா, ஒருவேளை அவன் செத்திருந்தா..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணிக்கு அலைவானேம்மா எம்புள்ள. பெருக்கா, அமாவாசையா? எது என் நாளு? ஒண்ணைச் சொல்லுங்க."

அவள் ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தாள்.

"நாளைக்குப் படித்துறைக்கு வாங்க."


மறுநாள் படித்துறை கொள்ளாத கூட்டம். காப்பரிசி, காதோலை, கருகமணி, வாழையிலையில் விளக்கு. பெண்கள் ஒருத்திக்கொருத்தி மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். பழைய கயிறுகளைக் கழற்றி ஆற்றோடு விட்டார்கள்.

மருமகள் சுகந்தி புதுக் கயிற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

யாரும் கிட்டே வரவில்லை. வாசல் வரைக்கும் வந்து அழுதுவிட்டுப் போனவர்கள்தான் அத்தனை பேரும். இப்போது ஒருத்திக்கும் கை வரவில்லை. கட்டிவிட்டால் தன் தாலிக்கு என்ன ஆகுமோ என்று பயம். மாமியார் இருந்திருந்தால் கட்டியிருப்பாள். அவள் போய்ப் பல வருஷம் ஆகிறது.

சுகந்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைகளைப் பின்னால் கொண்டுபோய், பிடரியில் தடவித் தடவித் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பக்கிரிசாமிக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற தையல்நாயகியிடம் திரும்பினார்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா."

"என்னன்னு?"

"அவன் இருக்கான்னு."

"இருக்கானா?" என்று கேட்டாள் தையல்நாயகி.



"அப்போ இல்லைன்னாவது சொல்லித் தொலைங்களேன்."

"இல்லையா?"

"உங்களைப் போய்க் குருன்னு நம்பினேன் பாருங்க."

"நானா நம்பச் சொன்னேன்?"

அப்போதுதான் கிழக்கே கூச்சல் கேட்டது. மதகில் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறதாம்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் போனவன் இன்றைக்கு உடம்போடு ஒதுங்க மாட்டான். அது ஊருக்குத் தெரியும். பக்கிரிசாமிக்கும் தெரியும். ஆனாலும் ஓடினார். வேட்டி அவிழ அவிழ ஓடினார்.

திரும்பி வரும்போது இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம புள்ள இல்லம்மா! வேற யாரோ. காதுல கடுக்கன் போட்டிருக்கான். சின்ன வயசுதான். நம்ம புள்ள இல்ல!"

"யாரு புள்ள?" என்றாள் தையல்நாயகி.

சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பெற்ற வயிறு ஒன்று எங்கேயோ எரிந்துகொண்டிருக்க, இவர் இங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"தெரியலம்மா. மேக்கேருந்து வந்திருக்கும்கிறாங்க. பேரு ஊரு ஒண்ணும் தெரியல. போலீஸ் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க."

"நாளைக்கு எள்ளு எடுத்துட்டு வாங்க."

பக்கிரிசாமி ஓர் அடி பின்னால் போனார்.

"எம்புள்ளைக்கு எள்ளு இறைக்கமாட்டேன்."

"உங்க புள்ளைக்குன்னு நான் சொன்னேனா?"


அமாவாசையன்று அதே படித்துறையில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் பெண்கள் விட்ட மஞ்சள் கயிறுகளில் சில, படியோரம் பூவோடு சிக்கிக் கிடந்தன.

பக்கிரிசாமி தர்ப்பை மோதிரம் போட்டுக்கொண்டு ஐயர் முன்னால் உட்கார்ந்தார். தையல்நாயகி முழங்கால் தண்ணீரில் நின்றாள். மேல்படியில் சுகந்தி. கழுத்தில் கிடந்த புதுக்கயிற்றைக் கைக்குள் இறுகப் பிடித்திருந்தாள்.

"மாமா," என்றாள். "பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பாவின் பேரைச் சொல்லி இறைத்தார். தாத்தாவின் பேரைச் சொன்னார். அம்மா, மனைவி. ஒவ்வொரு பேருக்கும் எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் இறங்கின.

ஐயர் குரலைத் தாழ்த்தினார். "வேற யாராவது உண்டா? பையன் பேரு..."

மேல்படியில் வளையல் ஒலிகூட இல்லை.

"இல்ல."

"காதுல விழலை."

"வேற யாரும் இல்ல, சாமி!" என்று கத்தினார் பக்கிரிசாமி. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, சரி. கடைசியா ஒரு கை இறைச்சிடுங்கோ. பேர் சொல்லி இறைக்க யாருமில்லாதவாளுக்கு."

வருஷா வருஷம் இறைப்பதுதான். மனசு வீட்டுச் சாப்பாட்டு இலைக்குப் போய்விட்டிருக்கும். ஏதோ ஒரு கை அள்ளி விட்டுவிட்டு எழுந்துவிடுவார். இன்றைக்குக் கை நின்றது.

"நேத்து மதகுல கிடந்தானே," என்றார் தையல்நாயகியிடம். "அவனுக்கும் இது சேருமா?"

"சேரும்."

"அவனைப் பெத்தவன் எங்கயோ உக்காந்து, வந்துடுவான் வந்துடுவான்னு சொல்லிட்டிருப்பான். எள்ளைத் தொடமாட்டான்."

"தொடமாட்டான்."

"அவன் தொடாததை நான் எப்படிம்மா தொடுறது?"

"கையில தண்ணி ஒழுகுது," என்றாள் அவள். "இறைங்க."

இறைத்தார்.

எள் மஞ்சள் கயிறுகளுக்கு நடுவில் கொஞ்சம் சுற்றியது. பிறகு நீர் அதை இழுத்துக்கொண்டது. அது கிழக்கே போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குக் கீழே இன்னும் எத்தனை துறையிருக்கும்மா?"

"கடல் வரைக்கும் இருக்கு."

"எல்லாத் துறையிலயும் இந்தக் கடைசிக் கை உண்டா?"

"உண்டு."

"போன அமாவாசையிலயும் இறைச்சிருப்பாங்களா?"

"இறைச்சிருப்பாங்க."

"யாருன்னு தெரியாமலா?"

தையல்நாயகி அவரைப் பார்த்தாள். முதல் தடவையாக அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க இப்போ தெரிஞ்சா இறைச்சீங்க?"



"முடிஞ்சுது. எழுந்திருங்கோ," என்றார் ஐயர். "அடுத்தவா காத்துண்டிருக்கா."

அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் எள்ளை எடுத்தார். குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளினார்.

சுகந்தி படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள். வந்த வேகத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா! இது யாருக்கு?"

"கீழத்துறையில யாரோ ஒருத்தரு நம்ம வீட்டுக்கும் சேத்து இறைச்சிட்டிருப்பாரும்மா," என்றார் பக்கிரிசாமி. "அவரு வீட்டுலயும் யாராவது திரும்பி வராம இருப்பாங்கல்ல? இது அவங்களுக்கு."

சுகந்தி கையை விட்டாள்.