அரண்மனை குடுத்ததும்

“இன்னைக்கு ஒரு முடிச்சும் அவிழாது” என்று சொல்லிவிட்டு, சடைச்சி களஞ்சியத்தின் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால், செங்கல் வளைகூரையைத் தாங்கியபடி அவள் கட்டிய சாரம் மூங்கில் காடாக நின்றது.

கேளுங்கள். நெல்லுக்கு ராஜாவே காவல் இருந்த காலத்துச் சங்கதி இது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ராஜா ஒரு களஞ்சியம் கட்டச் சொன்னார். ஐப்பசி மழைக்கு முன் குறுவை நெல்லெல்லாம் அதற்குள் போக வேண்டும். வேலையை மொத்தமாக எடுத்தவன் வயிரவநாதன் என்ற பெருங்கொத்தன். அவனுக்குச் செங்கல் சுட்டுத் தந்தவன் காளத்தி. சுண்ணாம்பு தந்தவன் மாரப்பன். சாரம் கட்டியவள் சடைச்சி.

காளத்தி போய்க் கூலி கேட்டான். “அரண்மனை குடுத்ததும் குடுக்கிறேன்” என்றான் வயிரவநாதன்.

மாரப்பன் போய்க் கேட்டான். “அரண்மனை குடுத்ததும் குடுக்கிறேன்.”

சடைச்சி போய்க் கேட்டாள். “உனக்குத் தனியாச் சொல்லணுமா? அரண்மனை குடுத்ததும்.”

அரண்மனை எப்போதோ கொடுத்துவிட்டது. அந்தப் பணம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அங்கே ஒரு வணிகருக்காக வயிரவநாதன் சத்திரம் எழுப்பிக்கொண்டிருந்தான். இந்தக் கட்டடத்துப் பணத்தில் அடுத்த கட்டடத்துக்குக் கடைக்கால் போடுவது அவன் வழக்கம். அக்கரைக் கல்தச்சர்களுக்கு அவன் புது ஆள். காசைப் பார்த்த பிறகுதான் உளியை எடுப்பார்கள். பழகினவர்களுக்கு வாய்வார்த்தை போதும் என்று அவன் நினைத்தான்.

சடைச்சிக்கு வாய்வார்த்தை போதவில்லை. மூங்கில்கள் அவளுடையவை அல்ல. மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுத்தவை. அவை நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். அமாவாசைக்குள் வாடகை வராவிட்டால் வண்டி மாடுகளை ஓட்டிக்கொண்டு போவதாக மூங்கில்காரர் ஆள் விட்டிருந்தார். மாடு போனால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் தொழில் நிற்கும். அவளை நம்பிச் சாரம் ஏறுகிறவர்கள் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே சாரத்தை அவிழ்க்காமல் நிறுத்துவதில் முதல் நஷ்டம் அவளுக்கு. தெரிந்தேதான் உட்கார்ந்தாள்.

வயிரவநாதன் தன் கொத்தர்களை அனுப்பினான். “கயித்த அறுத்துத் தள்ளுங்கடா” என்றான். சடைச்சி ஒதுங்கி வழிவிட, அவர்கள் உள்ளே போய் மேலே பார்த்தார்கள். எந்த முட்டு எந்த வளைவைத் தாங்குகிறது என்பது கட்டியவருக்குத்தான் தெரியும். எடுக்கும் வரிசை மாறினால் கூரை தலையில் இறங்கும். கட்டிய கை முதல் முடிச்சை அவிழ்க்காமல் இன்னொரு கை கயிற்றைத் தொடுவதில்லை என்பது அந்தத் தொழிலின் முறை. போனவர்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினார்கள்.

பிறகு வயிரவநாதனே வந்தான். வாசலுக்கு வரவில்லை, வெயிலில் எட்ட நின்றே அவளைக் கூப்பிட்டான்.

“ஒனக்கு மட்டும் இப்பவே தீத்துடறேன். வாடகையும் சேர்த்து. மத்த ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம்.”

அவன் கையில் பை இருந்தது. சடைச்சி அதைப் பார்த்தாள். தன் மாடுகளையும் நினைத்தாள்.

“எனக்கு மட்டும் குடுத்தா அது கூலி இல்ல கொத்தனாரே. வாய்க்குப் பூட்டு” என்றாள். “உள்ள வாங்களேன், நெழல்ல பேசலாம்.”

“இங்கயே இருக்கேன்.”

“நடுவளைவு கட்ட ஆரம்பிச்சதுலேருந்து நீங்க உள்ளயே வரலியே?”

“வந்தா மூணு பேரும் பிச்சுப் புடுங்குறீங்களே” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவன் போன வழியையே சடைச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிழக்கே மேகம் கட்டியது. சாரம் நின்றதால் உள்ளே போக முடியாமல் களத்தில் நெல் கிடந்தது. ராஜா நேரே வந்துவிட்டார்.

“இவ பிடிவாதம் பிடிக்கிறா, மகாராஜா” என்றான் வயிரவநாதன்.

“ஏனம்மா, மேகம் உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்று கேட்டார் ராஜா.

சடைச்சி எழுந்தாள். “தெரியுதுங்க. இப்பவே அவிழ்க்கிறேன்.”

காளத்தி அவள் அருகே வந்து, “என்னக்கா, கூலி இல்லாம இத்தனை நாள் பட்டினி கிடந்தது இதுக்குத்தானா?” என்றான்.

“நீ சும்மா நில்லு” என்றாள். பிறகு ராஜாவிடம், “காசு கேக்கல மகாராஜா. முறைப்படி பெருங்கொத்தனார் நடுவளைவுக்குக் கீழ வந்து நிக்கட்டும். நான் முட்டுக்கு அடியில இருக்கிற ஆப்ப எடுக்கிறேன்” என்றாள்.

அப்படி ஒரு முறை இருந்தது. வளைகூரையின் முட்டுகளை எடுக்கும்போது, கட்டியவன் அதன் நடுவில் தனியாக நிற்க வேண்டும். கூரை நின்றால் அவனுக்குப் பட்டு கட்டுவார்கள். நிற்காவிட்டால் பட்டுக்குத் தேவை இருக்காது.

வயிரவநாதன் உள்ளே போனான். நடுவில் நின்றான். மேலே பார்த்தான்.

அந்த நடுவளைவு அவன் கூலியை நிறுத்திய பிறகு கட்டப்பட்டது. எந்தச் செங்கல் வந்தது, எந்தச் சுண்ணாம்பு வந்தது, எப்படிக் குழைத்தார்கள், எதையும் அவன் பார்க்கவில்லை. கடன்காரர்கள் முகத்தில் விழிக்கக் கூசி வெளியிலேயே இருந்துவிட்டான்.

சடைச்சி ஆப்பின் மேல் கை வைத்தாள்.

“மாரப்பா” என்றான் வயிரவநாதன். “இந்த வளைவுக்கு வந்த சுண்ணாம்பு, நல்லாப் புளிச்சதுதானே?”

மாரப்பன் காதைச் சொறிந்தான். “அரண்மனை குடுத்ததும் சொல்றேனுங்க.”

“காளத்தி, செங்கல் வெந்ததுதானே?”

“அரண்மனை குடுத்ததும் சொல்றேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வயிரவநாதன் சடைச்சியைப் பார்த்து வாய் திறந்தான்.

“என்னைக் கேக்க வேணாம்” என்றாள் அவள். “மொத ஆப்ப எடுக்கட்டுமா?”

அவன் வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தான்.

“அரண்மனை கொடுத்துவிட்டதே” என்றார் ராஜா.

“அக்கரையில இருக்கு, மகாராஜா” என்றான் வயிரவநாதன்.

ராஜா குரலை உயர்த்தவில்லை. “நாளைக் காலை இக்கரையில் இருக்கட்டும்” என்றார். “அதுவரை நெல்லுக்கு என் கூடாரத் துணிகளைப் போர்த்துங்கள்.”

வயிரவநாதன் அக்கரையில் இறக்கிய கல்லை அந்த வணிகரிடமே விற்றான். அவசரத்துக்கு விற்றதால் பாதி விலைதான் வந்தது. மீதிக்கு அவன் வீட்டு வெள்ளிப் பாத்திரங்கள் போயின. காலையில் காளத்திக்குக் கொடுத்தான். மாரப்பனுக்குக் கொடுத்தான். சடைச்சிக்குக் கொடுத்தான். கொடுத்த பிறகும் வாசலிலேயே மேலே பார்த்தபடி நின்றான்.

“நல்ல சுண்ணாம்புதான்” என்றான் மாரப்பன். “கடுக்காத் தண்ணியும் வெல்லமும் விட்டுப் புளிக்க வெச்சது. காசு வரலன்னு மண்ணக் கலக்குற குடும்பம் இல்லீங்க.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“நேத்து சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?”

காளத்தியும் தன் செங்கல்லுக்குச் சாட்சி சொன்னான். வயிரவநாதன் உள்ளே போய் நடுவில் நின்றான். சடைச்சி நடு ஆப்பைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிறகு இருபுறமும் கொஞ்சம். மறுபடியும் நடு. கூரையிலிருந்து தூசி உதிர்ந்து அவன் தோளில் படிந்தது. அவன் அசையவில்லை. கடைசி முட்டும் வெளியே வந்தது. கூரை நின்றது.

நெல் உள்ளே போகத் தொடங்கியபோது மழையும் தொடங்கியது.

ஆகவே, கேட்டவர்களே, உழைத்தவர் கூலியைப் பிடித்து வைத்திருப்பவன் தன் தலைக்கு மேல் நிற்கும் கூரையைக்கூட நம்ப முடியாதவன் ஆகிறான்.

ராஜா வயிரவநாதனுக்குப் பட்டு கட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சடைச்சிக்குக் கயிறு திரித்துத் தரும் சொக்கலிங்கம் என்ற கிழவர், நனைந்த கயிற்றுச் சுருள்களை இரண்டு கைகளிலும் அணைத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். சடைச்சி அவர் பின்னால் நடந்து, அவருக்குத் தர வேண்டிய காசை அவர் துண்டின் முனையில் முடிந்துவிட்டு, அடுத்த மூங்கிலைத் தூக்கப் போனாள்.